தாய்மொழிக் கட்டத்தில் என்ன எழுதுவது? பழங்குடியினர் பேசுவது மொழியா, கிளைமொழியா?

வளவுத்திண்ணை, தேவகோட்டை (வெள்ளி, காலை 9.40)

அன்பர்களுக்கு வணக்கம். தொடக்கப்பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கடைசி ஆண்டில் நடந்த ஒன்று இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. பள்ளியின் பெயர் வேண்டாம்; அங்கே இன்னும் நல்லவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

அந்த ஜூன் மாதம் நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து ஒரு பாட்டி தன் பேத்தியைச் சேர்க்க அழைத்து வந்தார். படிவத்தில் ‘தாய்மொழி’ என்று ஒரு கட்டம். என்ன மொழி அம்மா என்று கேட்டேன். “வாக்ரிபோலி” என்றார். அப்படியே எழுதினேன். மறுநாள் படிவம் என்னிடமே திரும்பி வந்தது. “இது மொழியே இல்லை டீச்சர், வெறும் பேச்சு. எழுத்து இல்லாதது எப்படி மொழியாகும்? பெயரிலேயே போலி என்று இருக்கிறது, பாருங்கள்” என்றார் பொறுப்பில் இருந்தவர். நான் வாதாடவில்லை. வெள்ளை மை தடவி, காய்ந்ததும் அதன்மேல் ‘தமிழ்’ என்று எழுதினேன். எழுதியது என் கைதான்.

அந்தப் பெண் மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. முதல் வாரம் மட்டும் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: “பாணி, பாணி.” சர்க்கரைப் பாணி கேட்கிறாள், எங்கோ பலகாரம் பார்த்திருக்கிறாள் என்று நினைத்து, மதியம் தருகிறேன் என்றேன். அவள் கேட்டது தண்ணீர். வெயில் கொளுத்துகிற நாள். அதை நான் தெரிந்துகொண்டபோது அவள் கேட்பதையே நிறுத்திவிட்டிருந்தாள்.

இப்போது கேட்கிறேன். மொழி எது, வட்டார வழக்கு எது, கிளைமொழி எது? எழுத்து இருந்தால்தான் மொழியா? இருளர், கோத்தர், தோடர் பேசுவதெல்லாம் என்ன? இதை யார் முடிவு செய்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பேரேடு, காரைக்குடி (வெள்ளி, காலை 11.15)

டீச்சர், உங்கள் வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. நரிக்குறவர் பேச்சு தமிழ் இல்லை. அதைத் தமிழ் என்று எழுத வைத்தது பிழை. ஆனால் உங்கள் கேள்வி அங்கே நிற்கவில்லை. இருளர், கோத்தர் என்று நீள்கிறது. அங்கே எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் தாயை ஆத்தா என்போம், தந்தையை அப்பச்சி என்போம், தாயைப் பெற்றவளை ஆயா என்போம். பெரியவர் ஒருவர் வந்தால் ‘வந்தாக’ என்போம். கல்யாணத்தில் இசைகுடிமானம் எழுதுகிறோம், வேவு இறக்குகிறோம், ஊர்ப் பொதுவுக்குப் புள்ளிக் கணக்கில் வரி கொடுக்கிறோம். என் ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிற்கப் போனவர். அவர் எழுதிய கடிதக் கட்டு இன்னும் இரண்டாம் கட்டு அறையில் இருக்கிறது. பெட்டியடி, மேலாள், அடுத்தாள், ஐந்தொகை என்று வரிக்கு வரி எங்கள் சொல். சென்னையில் பிறந்து வளர்ந்த என் பேரன் அதைப் படித்தால் பத்துச் சொல்லுக்கு ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கிறான். அதனால் அது தனி மொழியாகிவிடுமா? செட்டிநாட்டுத் தமிழ் என்போம், அதில் எங்களுக்குப் பெருமைதான்.

தொல்காப்பியம் இதற்கு அன்றே இடம் கொடுத்துவிட்டது. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்துச் சொற்களைத் திசைச்சொல் என்று ஏற்றுக்கொண்டது. இருளர் பேச்சையும் கோத்தர் பேச்சையும் அந்த வரிசையில் வைப்பதே முறை என்று நினைக்கிறேன். மேற்குக் கரைத் தமிழ் பிரிந்து மலையாளமாயிற்று. இன்னும் எத்தனை துண்டாக வெட்டுவது? காட்டிலும் மலையிலும் இருப்பவர்களும் தமிழின் பிள்ளைகள்தாம் என்று சொல்வது அவர்களை அணைப்பதுதானே, தள்ளுவது அல்லவே.

நீலமலைத்தேன், பள்ளத்தூர் (வெள்ளி, பிற்பகல் 1.05)

பேரேடு ஐயா, நீங்கள் சொன்ன அதே எண்ணத்தோடுதான் நானும் மலை ஏறினேன். வங்கி வேலையில் கோத்தகிரியில் பதினோரு ஆண்டுகள் இருந்தேன்.

போன முதல் மாதம் ஒரு கோத்தப் பெரியவரிடம் பாலைக் காட்டிக் கேட்டேன், ‘பால்’ என்றார். மரத்தைக் காட்டினேன், ‘மர்ம்’ என்றார். பார்த்தாயா, நம் தமிழ்தான், கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்று மகிழ்ந்தேன். படகர் வீட்டில் பாலை ‘ஹாலு’ என்றார்கள். அப்படியானால் அது கன்னடம் என்று முடிவு கட்டினேன். பிறகு ஒரு தோடர் குடியிருப்பில் (மந்து என்பார்கள்) அதே பாலுக்குக் கேட்ட சொல்லை ‘போஸ்’ என்று குறித்துக்கொண்டேன். அதன் கடைசி ஒலி உண்மையில் ஸ் இல்லை. அதை எழுத நம் எழுத்தில் வழி இல்லை. மரம் அவர்களுக்கு ‘மேன்’. ஒரே மலை, ஒரே சந்தை, பால் ஒன்று, சொல் மூன்று. மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது உண்மை. ஆனால் வேர் ஒன்றாக இருப்பதாலேயே மூன்றும் ஒரு மொழி ஆகிவிடாது.

தனிச் சொல்லைக் கேட்டு மொழியை அளந்ததுதான் நான் செய்த தவறு. இரண்டு கோத்தர் தமக்குள் பேசும்போது பக்கத்தில் நின்றுபாருங்கள். பதினோரு ஆண்டு கழித்தும் ஓடுகிற பேச்சில் எனக்குப் பிடிபட்டது கொஞ்சமே. வினைச்சொல்லின் முடிவுகள் வேறு, சொற்கள் ஒன்றோடொன்று சேரும் முறை வேறு. ஆனால் நான் பேசிய தமிழ் அவர்களுக்கு முழுதும் புரிந்தது. இந்த இடத்தைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும் என்பேன். “ஒருவருக்கொருவர் புரிந்தால் ஒரே மொழி” என்கிறோம். எங்கள் இருவருக்குள் ஒருவருக்குப் புரிந்தது, மற்றவருக்குப் புரியவில்லை. அவர்கள் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் வங்கிக்கும் தமிழைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். நான் அவர்கள் வீட்டுக்கு எதையும் கற்றுக்கொண்டு போகவில்லை. அவர்கள் பட்ட பாட்டை வைத்து “பாருங்கள், இரண்டும் ஒன்றுதான்” என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோத்தர் நீலகிரியில் ஏழு ஊர்களில்தான் இருக்கிறார்கள். அந்தச் சிறு கூட்டத்தின் மொழிக்காக எமனோ என்ற அறிஞர் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கினார். கோத்தர் வாயால் சொன்ன கதைகளை அவர்கள் மொழியிலேயே எழுதி வெளியிட்டார். தோடர் பாட்டுகளையும் அப்படியே. கனடாவில் பிறந்த ஒருவர் அந்த மலையில் உட்கார்ந்து கேட்டதை, மலையடிவாரத்தில் இருக்கும் நாம் கேட்கவில்லை என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏடு படிப்பவள், காரைக்குடி (வெள்ளி, மாலை 6.30)

மொழியியல் முதுகலை முடித்தவள். நீலமலைத்தேன் அண்ணன் சொன்னதற்குக் கொஞ்சம் பின்புலம் சேர்க்கிறேன்.

‘கிளைமொழி’ என்ற சொல்லே பாதி வழக்கை முடித்துவிடுகிறது. கிளை என்றதும் அடிமரம் ஒன்று கண்முன் வந்து நிற்கும். அடிமரம் நாம், கிளை அவர்கள். உண்மை அப்படி இல்லை. தென்திராவிட மொழிக் குடும்பத்தில் தமிழ், மலையாளம், இருளம், குடகு, கோத்தம், தோடம், கன்னடம், படகம், துளு எல்லாம் ஒரு பழைய தாயின் வழி வந்தவை. கோத்தமும் தோடமும் நம் பக்கத்திலிருந்து மிக முன்பே பிரிந்து போனவை. அவற்றைத் தமிழின் திசைச்சொல் என்பது, பெரியப்பா மகனைத் தன் பிள்ளை என்று பதிவதைப் போன்றது. தொல்காப்பியம் திசைச்சொல் என்றது செய்யுளுக்குள் வந்து சேரும் சொல்லை. ஒரு மக்கள் பேசும் முழு மொழியையும் அதற்குள் அடக்க முடியாது.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். கால்டுவெல் 1856இல் திராவிட ஒப்பிலக்கணம் எழுதியபோது தமிழையும் சேர்த்து எல்லாவற்றையும் கிளைமொழிகள் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லாலும் குறித்தார். அதற்குள் பண்பட்டவை, பண்படாதவை என்று இரண்டு பந்தி. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு எல்லாம் முதல் பந்தி. தோடம், கோத்தம், கோண்டி, கோந்தம் எல்லாம் இரண்டாம் பந்தி. ஏடும் எழுத்தும் இருந்தால் பண்பட்டது, வாய்மொழியாக இருந்தால் பண்படாதது. தமிழுக்குக் கால்டுவெல் செய்தது பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டாம் பந்தி இன்னும் எடுபடவில்லை. டீச்சரிடம் படிவத்தைத் திருப்பித் தந்தவர் பேசியதும் அந்தப் பந்தி முறைதான்.

எழுத்து மொழிக்குப் போட்ட சட்டை. கிழக்கிந்தியப் பழங்குடி மொழியான சந்தாலிக்கு 1925இல் ரகுநாத் முர்மு ஒல் சிக்கி எழுத்தை உருவாக்கினார். 1924இல் சந்தாலி மொழியாக இல்லாமலா இருந்தது?

இருளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது தமிழுக்கு மிக நெருங்கியது. 1968இல் ஜெரார் டிஃப்லோத் என்ற மொழியியலாளர் அதை ஆராய்ந்து பட்டம் பெற்றபோது ‘தமிழின் நெருங்கிய உறவு’ என்றே தலைப்பில் குறித்தார். பின்னர் கமில் சுவெலபில் அதற்கு விரிவான இலக்கணம் எழுதினார். நெருங்கிய உறவு, ஆனால் வேறு ஆள். ஆனாலும் 2011 மக்கள்தொகைக் கணக்கில் ‘தமிழ்’ என்ற தலைப்பைத் திறந்தால் அதற்குள் ஒரு வரியாக ‘இருளர் மொழி’ இருக்கிறது. அந்த வரியில் 12,000 பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் இருளர் 1.8 லட்சத்துக்கும் மேல்.

பேரேடு, காரைக்குடி (வெள்ளி, இரவு 8.10)

மகளே, பெரியப்பா மகன் உவமையை ஏற்கிறேன். நன்றாகச் சொன்னாய். ஆனால் 1.8 லட்சம் பேரில் 12,000 பேர்தான் இருளர் மொழி என்று சொல்லியிருக்கிறார்கள் என்றால், மற்றவர்கள் தாங்களே தமிழ் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றுதானே பொருள்? அவர்கள் சொன்னதை மறுக்க நாம் யார்?

ஆனைக்கட்டிக்காரன் (வெள்ளி, இரவு 9.50)

ஐயா, வணக்கம். நான் இருளன். ஆனைக்கட்டிப் பக்கம் ஊர், காரைக்குடியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். இந்த இழையை அறை நண்பன் காட்டினான்.

முதலில் உங்கள் கேள்விக்கு. இருளர் என்ற ஒரு பெயருக்குள் பலர் இருக்கிறோம். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் இருக்கும் இருளர் பெரும்பாலும் தமிழே பேசுகிறார்கள். அவர்கள் தமிழ் என்று சொன்னால் அது சரி. கோவை, நீலகிரிப் பக்கம் இருக்கும் நாங்கள் வீட்டில் பேசுவது வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் பேச்சும் ஒன்று என்று எண்ண வேண்டாம். குறும்பர் என்ற பெயரும் அப்படித்தான். ஆலு குறும்பர், பெட்ட குறும்பர், ஜேனு குறும்பர், முள்ளு குறும்பர் என்று அதற்குள் வெவ்வேறு மொழிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லாரையும் ஒரே பெயரில் கூப்பிட்டார்கள்.

ஆனால் எங்கள் பக்கத்திலும் கணக்கெடுக்க வருபவரிடம் எத்தனை பேர் இருளம் என்று சொல்லியிருப்பார்கள் என்று யோசியுங்கள். வருபவர் தமிழில் கேட்கிறார். நாங்கள் தமிழில் பதில் சொல்கிறோம். பேசும்போதே அவர் எழுதிவிடுகிறார். என் தந்தையைக் கேட்டேன். “அவர் கேட்கவே இல்லை” என்றார்.

என் அறை நண்பன் தேவகோட்டைக்காரன். அவன் வீட்டுப் பேச்சு எனக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. ‘வந்தாக, போனாக’ எல்லாம் இப்போது எனக்கும் வரும். மூன்று ஆண்டாக ஒரே அறையில் இருக்கிறோம். நான் அம்மாவிடம் கைபேசியில் பேசினால் இன்றுவரை அவனுக்குப் பிடிபடவில்லை. முதல் ஆண்டு “மலையாளமா?” என்று கேட்டான். எங்கள் பேச்சில் நாக்கை நடுவில் நிறுத்திச் சொல்லும் உயிரொலிகள் உண்டு. அதைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ஒலி மாறிவிடுகிறது. அவன் அன்பானவன், கேட்டுக் கற்றுக்கொள்ளவும் முயன்றான். அப்போதுதான் எங்களுக்கிடையே உள்ள தூரம் அவனுக்கே தெரிந்தது.

கிளைமொழி என்று சொன்னால் எனக்குக் கோபம் இல்லை. பேரேடு ஐயா அவருடைய செட்டிநாட்டுப் பேச்சைக் கிளை என்று பெருமையாகச் சொல்கிறார், சொல்லலாம். அவருக்குப் பின்னால் தமிழ் நிற்கிறது. பள்ளிக்கூடம், நாளிதழ், நீதிமன்றம், டிக்கெட் எல்லாம் அந்தத் தமிழில்தான். எங்கள் பேச்சைக் கிளை என்று எழுதும் நாளில் எங்களுக்குத் தனியாக எதுவும் தேவையில்லை என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். என் பாட்டிக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். வலியைப் பற்றி மருத்துவர் கேட்டார். பாட்டிக்குத் தமிழ் தெரியும், ஆனால் வலிக்கான சொல் எல்லாம் அவருக்கு எங்கள் மொழியில்தான் வந்தது. நான் பக்கத்தில் இல்லாமல் போயிருந்தால்? பெயர் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், அந்த இடத்தில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று எழுதுங்கள்.

முகப்புத்தூண், கானாடுகாத்தான் (சனி, காலை 7.20)

தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒரு சிறு செய்தி மட்டும். பழங்குடியினர் என்றாலே தனி மொழி என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. கொல்லிமலை, ஏற்காடு, ஜவ்வாது மலைகளில் இருக்கும் ‘மலையாளி’ பழங்குடியினர் பேசுவது தமிழ்தான், மலையாளம் அல்ல. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். மொழியைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும், சாதிச் சான்றிதழைப் பார்த்து அல்ல.

சௌராஷ்ட்ரத் தறி, பரமக்குடி (சனி, காலை 10.30)

நாங்கள் பழங்குடி அல்ல. ஆனாலும் கட்டத்துக்குள் காணாமல் போவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். பல நூற்றாண்டுகளாக மதுரையிலும் பரமக்குடியிலும் நெய்து வாழ்கிறோம். வீட்டில் சௌராஷ்ட்ரம். எங்களுக்குத் தனி எழுத்தும் உண்டு. 2011 கணக்கில் சௌராஷ்ட்ரம் என்று சொன்னவர்கள் 2,47,702 பேர். அந்த எண் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது தெரியுமா? ‘குஜராத்தி’. என் அம்மாவை அகமதாபாத்தில் கொண்டு நிறுத்தினால் அரை மணி நேரத்தில் அழுதுவிடுவார். எனவே வளவுத்திண்ணை டீச்சர், எழுத்து இருந்தால் மொழி என்று உங்களிடம் சொன்னவருக்கு எங்களைக் காட்டுங்கள். எழுத்தும் இருக்கிறது, இலக்கியமும் இருக்கிறது, தனித் தலைப்பு மட்டும் இல்லை.

ஏடு படிப்பவள், காரைக்குடி (சனி, பிற்பகல் 12.15)

சௌராஷ்ட்ரத் தறி அண்ணன் சொன்னதைத் தொடர்கிறேன். எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் போஜ்புரிக்கு என்ன சொல்வது? 2011இல் அதைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 5 கோடிக்கும் மேல். இருந்தும் அது ‘இந்தி’க்குள் இருக்கிறது. சமஸ்கிருதத்தைச் சொன்னவர்கள் 24,821 பேர். அது அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில், அதாவது அரசு ஏற்ற மொழிகளின் பட்டியலில், இருக்கிறது. மைதிலியைப் பாருங்கள். 1991 கணக்கு வரை அது இந்தியின் கீழ் ஒரு வரி. 2003இல் போடோ, டோக்ரி, சந்தாலியோடு சேர்த்து அதை எட்டாம் அட்டவணையில் வைத்தார்கள். உடனே 2001 கணக்கின் பட்டியலில் தனி மொழியாக வந்துவிட்டது. அந்தப் பத்தாண்டில் மைதிலியின் இலக்கணம் மாறவில்லை, பேசுபவர் நாக்கு மாறவில்லை. சட்டம் மாறியது.

2011 கணக்கில் மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 ஆக்கினார்கள். அதில் 10,000 பேருக்கு மேல் பேசும் 270 தாய்மொழிகளை மட்டும் எடுத்து, 121 மொழித் தலைப்புகளுக்குள் அடுக்கினார்கள். 10,000க்குக் கீழே இருப்பவை ‘பிற’ என்ற மூட்டைக்குள் போய்விடும். கோத்தமும் தோடமும் அந்த மூட்டையில்தான். டீச்சரின் படிவத்துக்கும் இந்தப் பட்டியலுக்கும் உள்ள உறவு இதுதான். கணிப்பொறித் திரையில் தேர்ந்தெடுக்க வரும் பெயர்கள் வானத்திலிருந்து வருவதில்லை.

ஈப்போ பேத்தி, மலேசியா (சனி, இரவு 9.00)

எங்கள் பூர்வீகம் புதுவயல். ஐயா காலத்திலேயே இங்கே வந்துவிட்டோம். ஈப்போவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் வழியெல்லாம் செமாய் மக்கள் இருக்கிறார்கள். இங்குள்ள பழங்குடியினரைப் பொதுவாக ஒராங் அஸ்லி என்பார்கள்; செமாய் மக்களும் அதில் அடக்கம். அரசுக் கணக்கில் அவர்களில் 18 பிரிவுகள். செமாய் மலாய்க்கு உறவே இல்லாத மொழி, கம்போடியாவின் கெமருக்குத் தூரத்து உறவு. இருந்தும் நான் பள்ளியில் படிக்கும்போது “அவர்கள் பேசுவது காட்டு மலாய்” என்று தோழி ஒருத்தி சொன்னாள். நானும் நம்பினேன்.

ஏடு படிப்பவள் குறிப்பிட்ட டிஃப்லோத் என்ற பெயரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தேன். செமாய் மொழியை ஆராய்ந்தவரும் அவரேதான். செமாய் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறும். ஓர் ஆற்றங்கரைக்காரர் இன்னோர் ஆற்றங்கரைக்காரரிடம் பேசத் தடுமாறுவார். இங்கே சில தொடக்கப்பள்ளிகளில் செமாய் பாடமாக வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் எந்தப் பள்ளத்தாக்கின் செமாயைப் புத்தகத்தில் அச்சிடுவது? அச்சில் வந்தது ‘மொழி’ ஆகிவிடும், வராதது ‘வழக்கு’ ஆகிவிடும். நம் தமிழிலும் இப்படித்தானே நடந்திருக்கும்?

பேரேடு, காரைக்குடி (ஞாயிறு, காலை 8.45)

இரவு முழுவதும் இதே நினைப்பு. ஆனைக்கட்டித் தம்பி, “அவருக்குப் பின்னால் தமிழ் நிற்கிறது” என்று எழுதினாயே, அது என்னைத் தைத்தது. என் ஐயா ரங்கூனில் வட்டிக் கடை வைத்திருந்தபோது பர்மிய மொழி தெரியாமல் எவ்வளவு அல்லற்பட்டார் என்று கதை கதையாகக் கேட்டிருக்கிறேன். அங்கே அவருக்குப் பின்னால் எதுவும் நிற்கவில்லை. மூன்றாண்டுக் கணக்கு முடிந்து ஊர் திரும்பினால்தான் வாய் திறந்து பேசினார் என்று அப்பத்தா சொல்வார்.

இருளரைத் தமிழின் பிள்ளைகள் என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். உடன்பிறந்தவர்கள் என்பதே சரி. 6.9 கோடிப் பேர் பேசும் மொழி 12,000 பேரை விடுவதால் சிறுத்துவிடாது. அந்தப் பயம் வீண் பயம்.

ஆனால் ஒரு கேள்வியை விட மாட்டேன். ஈப்போ மகள் சொன்னது போல ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு மொழி என்று போனால் பாடப்புத்தகம் யார் எழுதுவது, ஆசிரியர் எங்கே கிடைப்பார்? எங்காவது ஒரு கோடு போடத்தானே வேண்டும்?

ஏடு படிப்பவள், காரைக்குடி (ஞாயிறு, காலை 11.30)

ஐயா, கோடு போடுவதில் இரண்டு நாடுகளின் அனுபவத்தைச் சொல்கிறேன். எது சரி என்று எனக்கே முழுத் தெளிவு இல்லை, ஆனால் இரண்டையும் பார்த்தால் யோசிக்க இடம் கிடைக்கும்.

கனடாவில் கிரீ என்ற மக்கள் ஆல்பர்ட்டாவிலிருந்து கியூபெக் வரை பரந்திருக்கிறார்கள். ‘நான்’ என்பதற்குச் சமவெளிக் கிரீயர் ‘நீய’ என்பார்கள். சதுப்புநிலக் கிரீயர் ‘நீன’ என்பார்கள். காட்டுக் கிரீயர் ‘நீத’ என்பார்கள், அந்தத் த நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வது. மூஸ் கிரீயர் ‘நீல’ என்பார்கள். இன்னும் கிழக்கே அத்திகமேக்கு மக்கள் அதே இடத்தில் ரகரம் சொல்கிறார்கள். ஒரே பழைய ஒலி ஊருக்கு ஊர் ஐந்தாக உடைந்திருக்கிறது. நம் ழகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் வாழைப்பழம் வாளைப்பளம் ஆகிறது. பழைய சென்னைப் பேச்சில் வாயப்பயம். அடுத்தடுத்த ஊர்க்காரர்களுக்குப் புரியும், இரண்டு முனையில் இருப்பவர்களுக்குப் புரியாது. இந்தச் சங்கிலியை எங்கே வெட்டி இது ஒரு மொழி, இது இன்னொன்று என்பது? அத்திகமேக்கு மக்கள் தங்களுடையது தனி மொழி என்றார்கள், அப்படியே எழுதுகிறார்கள். ஒலி விதியை மட்டும் பார்த்தால் சமவெளிக்கும் சதுப்புநிலத்துக்கும் உள்ள வேறுபாடு போன்றதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த மக்கள் தங்களை யாராக நினைக்கிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

மெக்சிகோவில் நிலைமை வேறு. அங்கே நாவாட்டில், சபோதெக், மிஸ்தெக் என்று எந்தப் பழங்குடி மொழியானாலும் ஸ்பானியம் பேசுவோர் ‘தியாலெக்தோ’ என்று ஒதுக்கிப் பேசுவார்கள். கிளைமொழி என்று பொருள். எதன் கிளை? ஸ்பானியம் அந்த நிலத்தில் கால்வைத்ததே பதினாறாம் நூற்றாண்டில்தான்! அந்தச் சொல்லுக்கு அங்கே மொழியியல் பொருள் கிடையாது, ‘கீழானவர் பேச்சு’ என்பதே பொருள். 2003இல் மொழியுரிமைச் சட்டம் ஒன்று வந்தது, பழங்குடி மொழிகள் தேசிய மொழிகள் என்று அறிவித்தது. 2008இல் அதற்கான அரசு நிறுவனம் ஒரு பட்டியல் வெளியிட்டது. 68 மொழித் தொகுதிகள், அவற்றுக்குள் 364 வகைகள். அந்த 364இல் ஒவ்வொன்றையும் மொழியாகவே நடத்த வேண்டும் என்று பட்டியலே சொல்கிறது. காரணம், சபோதெக் என்ற ஒரு பெயருக்குள் இரண்டு மலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியாது. நீதிமன்றத்தில் ‘சபோதெக் மொழிபெயர்ப்பாளர்’ என்று ஒருவரைக் கொண்டு நிறுத்தினால், குற்றம் சாட்டப்பட்டவருக்கு அவர் பேச்சும் புரியாமல் போகலாம்.

பாடப்புத்தகத்துக்கு ஒரு கோடு, நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் வேறு கோடு என்று வைத்துக்கொள்ள முடியும் என்றே நினைக்கிறேன். 364 பாடப்புத்தகம் கடினம். ஆனால் ஒரு பாட்டியின் வலியைக் கேட்க, அந்தப் பாட்டியின் ஊர்க்காரர் ஒருவர் போதும். ஆனைக்கட்டித் தம்பி கேட்டதும் அதைத்தானே.

டீச்சருக்கு ஒன்று. ‘போலி’ என்பது வடநாட்டு மொழிகளில் ‘பேச்சு’. வாக்ரிகளின், அதாவது நரிக்குறவரின், பேச்சு வாக்ரிபோலி. மேற்கிந்திய மொழிகளோடு உறவுடைய இந்தோ-ஆரிய மொழி அது. நம் ‘போலி’க்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தியில் மொழியைப் பாஷா என்றும், அதற்குக் கீழ் வைப்பதைப் போலி என்றும் பிரிக்கிறார்கள். அதாவது அந்தச் சொல் வடக்கே போனால் கிளைமொழி என்று ஒதுக்கப்படும், தெற்கே வந்தால் பொய் என்று ஒதுக்கப்படும். சொன்ன பாட்டிக்கோ அது வெறுமனே ‘நாங்கள் பேசுவது’.

ஆனைக்கட்டிக்காரன் (ஞாயிறு, பிற்பகல் 2.40)

அக்கா, நன்றி. மருத்துவமனைக்கும் புத்தகத்துக்கும் வெவ்வேறு கோடு என்றது மனத்துக்குப் பிடித்திருக்கிறது. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடு போடும் இடத்தில் எங்களில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வளவுத்திண்ணை, தேவகோட்டை (திங்கள், இரவு 7.55)

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

இன்று காலை அந்தக் குடியிருப்புக்குப் போனேன். பெண் இப்போது ஐந்தாம் வகுப்பு. தமிழ் நன்றாகப் பேசுகிறாள், என்னைவிட வேகமாக. பாட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டார். படிவத்தில் நான் செய்ததைச் சொன்னேன். “அதனால் என்ன டீச்சர், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்” என்றார். 2023 தொடக்கத்தில்தான் நரிக்குறவர் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அதற்கான சான்றிதழ் வேலையாக அவர் மகன் அலைந்துகொண்டிருக்கிறார். அந்த விண்ணப்பத்திலும் தாய்மொழிக்கு ஒரு கட்டம் இருந்ததா என்று கேட்டேன். மகன் சிரிக்காமல் சொன்னார்: “இருந்தது, எழுதுபவர் தமிழ் என்று போட்டுவிட்டார்.”

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பெண்ணையும் பாட்டியையும் உட்கார வைத்து, வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அவர்கள் சொல்லும் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதத் தொடங்கினோம். முதல் வரியில் ‘பாணி’. எழுதி வாசித்துக் காட்டினேன். பாட்டி தலையை ஆட்டினார், சரியில்லை என்று. இன்னொரு முறை சொன்னார். முதல் எழுத்தில் நான் ஏதோ தவறவிடுகிறேன் போலிருக்கிறது. மூன்று முறை சொல்லியும் எனக்கு அந்த வேறுபாடு காதில் விழவில்லை. பேத்திக்கு விழுகிறது, “இல்லை டீச்சர், இப்படி” என்று என் வாயருகே வந்து சொல்லிக் காட்டினாள்.

பதினேழு சொல் எழுதினோம். அதில் எத்தனை சரி என்று தெரியாது. வரும் ஞாயிறு மீண்டும் போகிறேன்.